சின்ன ர, பெரிய ற

அத்தியாயம் 14

தபால் பெட்டியில் அழைப்பிதழைப் போட்டுவிட்டு, அடுத்த நொடியே பெட்டியின் வாய்க்குள் விரலை நுழைத்துத் திரும்ப எடுக்கப் பார்த்தாளே, அந்தச் சின்னவளை அங்கேயே நிற்க வைத்துவிட்டுத்தான் போன வாரம் பிரிந்தோம். விரல் எட்டவில்லை. அழைப்பிதழ் போய்விட்டது.

பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு மதியம் வீட்டைவிட்டுப் போன அம்மாவின் முகவரிக்கு.

அந்த முகவரி கிடைத்ததே தற்செயல்தான். அம்மாவின் அறையைப் படமெடுக்க, அப்பா அங்கே அடுக்கி வைத்திருந்த பழைய அச்சுத்தாள் கட்டுகளை வெளியே இழுத்துப் போட்டபோது, ஒரு கட்டுக்குள்ளிருந்து காலி உறை ஒன்று விழுந்தது. பின்பக்கத்தில் அனுப்பியவர் முகவரி. அம்மாவின் கையெழுத்து.

அப்பாவிடம் அவள் கேட்கவில்லை. அண்ணனிடம் சொல்லவில்லை.

அம்மா போன புதிதில் யாராவது விசாரித்தால் வீட்டில் "அம்மா போயிட்டாங்க" என்று சொன்னார்கள். கேட்டவர்கள் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு, "அடடா, எப்போ? நல்லாத்தானே இருந்தாங்க?" என்றார்கள். வீட்டில் ஒருவரும் அதை மறுக்கவில்லை. பிழை திருத்துகிறவர் வீட்டில் திருத்தாமல் விட்ட பிழை அது ஒன்றுதான்.

இன்று நான்கு மணிக்கு அவள் படங்களும் உள்ள புகைப்படக் கண்காட்சியைத் திறக்கிறார்கள். அம்மா வரலாம். வராமலும் போகலாம். இரண்டில் எது நடந்தாலும் தாங்க முடியாது என்றுதான் சின்னவளுக்குத் தோன்றியது.

காலை பத்து மணி. பழைய நூலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக் கூடத்தில் அவள் சுவரில் நூல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் அளவுநாடா, இன்னொரு கையில் ரசமட்டம், உதட்டில் இரண்டு ஆணி.

பகலில் அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பார்வை மங்கி வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச்சுவர் அட்டையில் உள்ள எழுத்துகளை வரிசையாகப் படிக்கச் சொல்வாள். மாலையில் புகைப்பட வகுப்பு. அந்த வகுப்பில் பதினொரு பேரின் படங்கள்தான் இன்று சுவரில். அவளுடையவை ஐந்து.

மற்றவர்கள் எல்லோரும் படங்களை ஐந்தடி உயரத்தில் மாட்டினார்கள். அவள் நாலரை அடியில் மாட்டினாள்.

"அளவு தப்பிடுச்சா?" என்று டீச்சர் வந்து நின்றார்.

"இல்ல டீச்சர். குள்ளமானவங்க பார்க்கிறதுக்கு."

டீச்சர் சிரித்துவிட்டுப் போனார். அவள் சிரிக்கவில்லை. அம்மா நாலடி பத்தங்குலம். அறைக் கதவின் நிலையில், பிள்ளைகள் வளர வளரக் கிழித்த பென்சில் கோடுகளுக்கு நடுவில், அண்ணன் ஒருநாள் வம்புக்கு அம்மாவையும் நிறுத்தி வைத்துக் கிழித்த கோடு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து நான்கு அங்குலம் கீழே கேமராவை வைத்துத்தான் ஐந்து படங்களையும் எடுத்தாள். கதவு. ஜன்னல். மின்விளக்குப் பொத்தான், அதைச் சுற்றி விரல் பட்டுக் கறுத்த சுவர். கட்டில் கிடந்த இடத்தில் தரையில் நான்கு பள்ளம். எதுவும் மாட்டாத ஓர் ஆணி.

அம்மாவின் கண்ணுக்கு அந்த அறை எப்படித் தெரிந்திருக்கும் என்று பார்க்க நினைத்தாள். அவ்வளவுதான்.

"அஞ்சு படத்துலயும் ஒரு ஆளைக் காணோமே, கண்ணாடி," என்றான் அண்ணன். சட்டங்களைத் தூக்கிவர அன்றைக்கு விடுப்புப் போட்டிருந்தான். கண்ணாடி என்பது அவன் தங்கைக்கு வைத்த பெயர். "வீட்டை வாடகைக்கு விடறதுக்கு எடுத்த மாதிரி இருக்கு. கீழ ஃபோன் நம்பர் போட்டுடு, ஆள் வந்தாலும் வரும்."

"வாயை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கு."

"தூக்கிட்டேன் தாயே. அங்க பாரு, அந்த ஆளு தன் நாயை மட்டுமே ஒன்பது படம் எடுத்திருக்கான். நாய்க்காவது வால் ஆடுது. உன்கிட்ட என்ன ஆடுது?"

அவள் ரசமட்டத்தைச் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தாள்.

அண்ணன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அந்தக் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாதமாக நின்று கிடக்கிறது. நின்றுபோன லிஃப்டைத் தாண்டிப் போவது அவனுக்கு ஆகாத காரியம். கடைசிச் சட்டத்தை மாட்டியதும் பையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"முட்டி வலிக்கிற சனமெல்லாம் மூணு மாடி எப்படி ஏறும்? நான் அதைக் கொஞ்சம் பார்த்துட்டு வரேன்."

"விரலை எங்கயாவது விட்டு நசுக்கிக்காதே."

"அது ஒரு தடவை போதும்," என்று இடது ஆள்காட்டி விரலை ஆட்டிக் காட்டினான். அதில் நகம் கிடையாது. சின்ன வயதில் அம்மாவின் அறைக் கதவில் மாட்டி நசுங்கியது.

ஒரு மணிக்குப் படங்களின் தலைப்பு அட்டைகள் வந்தன.

பதினொருவரின் அட்டைகளையும் துண்டறிக்கையையும் அச்சடித்தது அப்பா வேலை பார்க்கும் அச்சகம். அப்பா அங்கே முப்பத்தாறு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறார். அதாவது, எதுவும் அச்சேறும் முன் அதிலுள்ள பிழைகளைச் சிவப்பு மையால் திருத்துகிற வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவரைப் பிழையார் என்பார்கள். "எங்க பிழையாருக்குப் பிழைதான் பிழைப்பு," என்பது அங்கே பழைய நகைச்சுவை.

வீட்டில் அப்பா பார்த்த தாளை இன்னொருவர் பார்ப்பது கிடையாது. பள்ளிக்கூடக் கட்டுரையிலிருந்து வேலைக்கு எழுதிய விண்ணப்பம் வரை எல்லாம் அப்படித்தான். அப்பா பார்த்தாகிவிட்டது என்றால் பார்த்தாகிவிட்டது.

ஆகவே அவள் தன் படங்களுக்குத் தலைப்பு எழுதிக் கொடுத்த தாளை அப்பா தட்டச்சு செய்துகொண்டு வந்து உறையில் போட்டுத் தந்தபோது, சின்னவள் உறையைப் பிரிக்காமலே டீச்சரிடம் கொடுத்தாள். அதை வைத்துத்தான் கண்காட்சிக்கான தேர்வு. அதிலிருந்துதான் அட்டை.

அவள் தன் அட்டைக்குப் பின்னால் பசை தடவினாள். சுவரில் வைத்தாள். நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினாள். பிறகுதான் படித்தாள்.

அம்மா இறந்த அறை.

கடையில் வருகிறவர்களிடம் சொல்வதுபோல் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தாள். மறு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தாள். இரண்டு கண்ணிலும் அதே எழுத்து.

அவள் எழுதியது "அம்மா இருந்த அறை."

"டீச்சர்," என்றாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இதுல தப்பா அச்சாயிருக்கு."

டீச்சர் அட்டையைப் பார்த்தார். "என்கிட்ட நீ கொடுத்த தாள்லயும் இப்படித்தானேம்மா இருந்தது?"

"அதுவும் அப்பா கையிலேர்ந்து வந்ததுதான். 'இருந்த அறை'ன்னு இருக்கணும்."

"அப்போ... உங்க அம்மா?"

"இருக்காங்க."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்காதே. இருபத்தேழு பேர் கொடுத்தீங்க. உன் படத்துகிட்ட வந்தப்போ என்னால தாண்டிப் போக முடியலை. அந்தத் தலைப்புதான் காரணம். அது இல்லேன்னா..."

"அது இல்லேன்னா?"

"காலி அறைதானேம்மா."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று டீச்சருக்கே உறைத்தது போலிருந்தது. சின்னவளின் தோளைத் தொட வந்தவர், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

இரண்டு வருட மாலை வகுப்பு. பத்து மாதம் ஓர் அறை. எல்லாம் ஓர் எழுத்தின் தயவில் சுவரேறியிருக்கிறது. அதைக்கூடச் சின்னவள் தாங்கிக்கொள்வாள். தன் படங்கள் அப்படியொன்றும் பிரமாதமில்லை என்ற சந்தேகம் அவளை ஒருநாளும் விட்டதில்லை. அதற்கு டீச்சர் சாட்சி சொல்லிவிட்டார். போகட்டும்.

ஆனால் அம்மா வந்து நாலரை அடி உயரத்தில் இதைப் படிப்பாளே?

நகத்தால் அட்டையின் ஓரத்தை நெம்பினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது.

"பிய்க்காதே!" என்றார் டீச்சர். "சுவர்ல ஆணியைத் தவிர வேற கீறல் விழக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க. வேற அட்டை கொண்டுவந்து மேல ஒட்டிடு. நாலு மணிக்குத்தானே திறக்கிறோம்? நாங்க சாப்பிடப் போறோம், கதவைச் சாத்திட்டுத்தான் போவோம்."

மணி ஒன்று இருபது. அச்சகம் போக அரை மணி, திரும்ப அரை மணி. சின்னவள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். மூன்று மணிக்குள் வந்துவிடலாம். துண்டறிக்கை ஒன்றை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, படிகளில் இறங்கி ஓடினாள். லிஃப்ட் குழிக்குள்ளிருந்து அண்ணன் என்னவோ கேட்டான். அவள் நிற்கவில்லை.

அச்சகத்தில் அப்பாவின் மேசை கடைசியில், சுவரோரம். எதிரே ஒரு நாற்காலி. ஒரு காலத்தில் அதில் உட்கார்ந்து மூலப் பிரதியை உரக்கப் படித்தது அம்மா. அம்மா படிக்க, அப்பா அச்சுத்தாளில் சரிபார்க்க, அப்படித்தான் இருவருக்கும் பழக்கமே. காதுக்கு ர-வும் ற-வும் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் அம்மா எழுத்தையும் சேர்த்தே சொல்வாள். "இரவு, சின்ன ர. உறவு, பெரிய ற." வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. "கறி ஆறுது, பெரிய ற, வாங்க சாப்பிட," என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இப்போது அந்த நாற்காலியில் அகராதிகள் உட்கார்ந்திருக்கின்றன.

"ஏன்ப்பா இப்படிப் பண்ணீங்க?"

அப்பா நிமிர்ந்தார். "என்ன பாப்பா, இந்த நேரத்துல?"

துண்டறிக்கையை அவர் முன்னால் போட்டாள். "முப்பத்தாறு வருஷத்துல உங்களுக்கு ஒரு புள்ளி தப்பினதில்ல. இது மட்டும் எப்படித் தப்பும்? வேணும்னே மாத்தியிருக்கீங்க. ஊருக்கெல்லாம் அம்மா செத்துட்டாங்க. என் படத்துலயும் சாகணுமா? நான் ஒருத்திதான் அவங்களை உயிரோட வெச்சிருக்கேன், அது உங்களுக்குப் பொறுக்கலையா?"

இயந்திரத்தில் தாள் போட்டுக்கொண்டிருந்தவர் அதை நிறுத்தினார். சத்தம் நின்றதும் அவளுடைய கடைசி வார்த்தை மட்டும் தனியாக எல்லோர் காதிலும் விழுந்தது.

அப்பா குரலை உயர்த்தவில்லை. இழுப்பறையைத் திறந்து கோப்பு ஒன்றை எடுத்தார். அவரிடம் ஒவ்வொரு மெய்ப்புக்கும் கீழே அதன் மூலத் தாள் குத்தி வைக்கப்பட்டிருக்கும். பக்கங்களைத் தள்ளி, ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அவளுடைய தாள். அவளுடைய நீல மை. கோணக்கூடாது என்று அளவுகோல் வைத்து எழுதிய அவளுடைய வரி.

அம்மா இறந்த அறை.

அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. கை தெளிவாக எழுதியிருந்தது. ஓரத்தில் அப்பாவின் சிவப்புக் கேள்விக்குறி. அதை அவரே அடித்துவிட்டு, கீழே ஒரே சொல்: உள்ளபடி. எழுதியவர் எழுதியதே இருக்கட்டும், கைவைக்காதே என்று அச்சகத்தாருக்கு அர்த்தம்.

"நான்... இப்படி எழுதலைப்பா."

"உன் கைதான்."

"என் கைதான்," என்றாள். உட்கார இடம் தேடினாள். அகராதிகளை எடுக்க மனம் வரவில்லை. "ஏன்ப்பா என்னைக் கேக்கலை? கேள்விக்குறி போட்டீங்களே."

"கேக்கத்தான் அன்னைக்குத் தாளோட வீட்டுக்கு வந்தேன். நீ அந்த ரூமுக்குள்ள கேமராவை வெச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தே. வாசல்லயே நின்னேன்." பேனாவை மூடினார். திறந்தார். "தப்பா எழுதிட்டேன்ப்பான்னு நீ சொன்னா சரி. ஆமாப்பா, எனக்கு அம்மா செத்துட்டாங்கன்னு நீ சொன்னா? அதை நான் எங்க வெச்சுக்கிறது? அதான் கேக்கலை."

"நீங்க கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்." அப்பா ஒப்புக்கொண்டார். "நிறைய கேட்டிருக்கணும்."

சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா இன்னைக்கு வராங்கப்பா."

"எந்த அம்மா?"

அவள் அகராதிகள் இருந்த எதிர் நாற்காலியைப் பார்த்தாள். அப்பாவின் விரலிலிருந்து பேனா நழுவி, விரித்து வைத்த மெய்ப்பின் மேல் உருண்டு, சிவப்பாய் ஒரு கோடு இழுத்துவிட்டு நின்றது. அவர் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை.

"இதைப் பார்ப்பாளா?" என்றார் கடைசியில்.

"வந்தா பார்ப்பாங்க."

அப்பா எழுந்தார். ஒரு சீட்டில் மூன்று சொல் எழுதித் தட்டச்சு செய்பவரிடம் நீட்டினார். ஓடிக்கொண்டிருந்த வேலையை இறக்கி, கெட்டி அட்டையை ஏற்றி, மை சரிபார்த்து, வெட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அட்டை கைக்கு வந்ததும் அப்பா அதைப் படிக்கவில்லை. மகளிடம் கொடுத்தார்.

"நீ பாரு."

அவள் மூன்று முறை படித்தாள். அப்பா தோளில் பையை மாட்டினார். வேலை நேரத்தில் பிழையார் வாசலைத் தாண்டுவதை அச்சகம் அன்றுதான் பார்த்தது.

நூலகத்தை அடைந்தபோது மணி மூன்று நாற்பது. கீழே லிஃப்ட் வாசலில் அண்ணன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் கறுப்பு, பல் மட்டும் வெள்ளை.

"ஓடுது, கண்ணாடி! லைட்டுதான் எரியலை, மத்தபடி ஜம்முனு போகுது. அட, அப்பாவா? என்னப்பா, ஆச்சரியமா இருக்கு. ஏறுங்க ஏறுங்க. முதல் சவாரிகூட ஆயிடுச்சு."

"யாரு?" என்றாள் சின்னவள்.

"யாரோ ஒரு அம்மா."

லிஃப்ட் கதவு மூடியது. உள்ளே இருட்டு. அண்ணன் பலகையைத் திறந்து ஏதோ ஒயரை இணைத்தான். லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி ஏறத் தொடங்கியது.

"எந்த அம்மா?" இந்த முறை கேட்டது சின்னவள்.

"எனக்கென்ன தெரியும்? நாலு மணிக்குத்தான் திறப்பாங்கன்னேன். பஸ்ஸுக்குப் போகணும், ஒரு அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடறேன்னாங்க. பாவமா இருந்துச்சு, கூட்டிட்டுப் போயி கதவைத் திறந்து விட்டேன். படம் ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்குமான்னு கேட்டாங்க. இருக்கும் மேடம்னேன். திரும்பிப் படியிலயே இறங்கிப் போயிட்டாங்க. நோட்டீஸ் ஒண்ணு எடுத்துக்கிட்டாங்க."

"எப்படி இருந்தாங்க?"

"நான் இந்தப் பலகைக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தேன். முகத்தை எங்க பார்த்தேன்? குள்ளமா இருந்தாங்க. கதவு சாத்தறப்போ, விரல் பத்திரம்ப்பான்னு சொன்னாங்க."

சொல்லிவிட்டு அண்ணன் நிறுத்தினான். ஒயரைப் பிடித்திருந்த இடது கை அப்படியே நின்றது. அந்த இருட்டில் அவன் தன் விரலைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாம் மாடி வந்தது. யாரும் உடனே வெளியே வரவில்லை.

கூடத்தில் ஆள் இல்லை. ஐந்து படங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. சின்னவள் அட்டையின் முன்னால் போய் நின்றாள்.

ற-வின் மேல் சாய்வாகப் பென்சிலில் ஒரு வெட்டு. அங்கிருந்து ஓரத்துக்கு இழுத்த மெல்லிய கோடு. கோட்டின் முனையில் "ரு." அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அவ்வளவுதான். கையெழுத்து இல்லை. வேறு ஒரு சொல் இல்லை.

"படிக்கிறது அவ வேலை," என்றார் அப்பா. யாருக்குச் சொல்கிறார் என்று தெரியவில்லை. "திருத்தறது என் வேலை. ஒருநாள்கூட அவ பென்சிலைத் தொட்டதில்ல. நான் விட்டதில்ல."

அண்ணன் கூடத்தின் வாசலைத் தாண்டி வரவே இல்லை. "நான் மேடம்னு கூடக் கூப்பிட்டேன்," என்றான் அங்கிருந்தே. பிறகு திரும்பிப் படிகளில் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது. மூன்று மாடியும் கேட்டது. அம்மா போய் அரை மணி ஆகியிருக்கும். பேருந்து நிறுத்தத்தில் யார் இருக்கப்போகிறார்கள்?

சின்னவள் கையில் புது அட்டை இருந்தது. சரியான அட்டை. இதை மேலே ஒட்டினால், பதினைந்து வருடத்துக்குப் பிறகு அம்மா எழுதிய ஒரே எழுத்து அடியில் போய்விடும். ஒட்டாவிட்டால், வருகிறவர்கள் எல்லோரும் வெட்டுக்குக் கீழே உள்ளதையும் படிப்பார்கள். அந்தத் தவறான சொல் ஒரு மடித்த துண்டறிக்கையில், அம்மாவின் பையில், ஏதோ ஒரு பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறது. அதன் மேல் ஒட்ட அட்டை கிடையாது.

கீழே ஆட்கள் பேசிக்கொண்டே படியேறும் சத்தம் வந்தது. டீச்சரின் சிரிப்பு. நாய்க்காரரின் குரல்.

"கேள்விக்குறி போட்டா எழுதினவங்கதான் பதில் சொல்லணும்," என்று அப்பா பேனாவை நீட்டினார். "நான் சொல்லக்கூடாது."

"எனக்குத் தெரியலையேப்பா. என் கைதானே அப்படி எழுதுச்சு? ஞாயித்துக்கிழமைக்குள்ள திரும்பி வந்து பார்த்தா, நான் என்னன்னு எழுதி வெச்சிருக்கணும்?"

அப்பா நாலரை அடி உயரத்துக்குக் குனிந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எதிர் நாற்காலியில் இருந்து வருவதுபோன்ற ஒரு குரலில், அவர் வாயிலிருந்து யாரும் கேட்டிராத ஒரு ராகத்தில், உரக்கப் படித்தார்.

"அம்மா." நிறுத்தினார். "இருந்த. சின்ன ரு."

அடுத்த சொல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

சின்னவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். அட்டையின் ஓரத்தில், கேள்விக்குறிக்குப் பக்கத்தில், பதிலுக்கென்று அம்மா விட்டுப்போன இடம் அரை அங்குலம் இருந்தது.